இரண்டு ஹாட் கம்பிகளும் ஓர் அண்டாவும்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்ச 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரை முரண்டுபிடித்தன. அதனால் இங்கே பல கராஜ்களில் எவர்சில்வர் அண்டா ஒன்று நிற்கும். அடியில் புரொப்பேன் அடுப்பு இருக்கும். குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அதை எரிப்பது கார்பன் மோனாக்சைடை விலைகொடுத்து வாங்குவதுதான். என்னைப் போன்றவர்கள் மின்சாரத்துக்கு மாறியது அதற்காகத்தான்.

நாங்கள் அண்டாவில் துளையிட்டுப் பொருத்துவது பெரும்பாலும் 5,500 வாட் எலிமென்ட். 240 வோல்ட்டில் 23 ஆம்பியர் இழுக்கும். 20 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீர் அரை மணி நேரத்தில் கொதிக்கும். எலிமென்ட் மடித்து மடித்து நீளமாக இருப்பது நல்லது. குட்டையானதில் சூடு ஓரிடத்தில் குவிந்து மால்ட் சாறு அடிப்பிடிக்கும், பீரில் கருகல் வாடை வரும்.

வயரிங்கைத் தமிழ்நாட்டில் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் கெய்சருக்கு ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஸ்விட்ச் ஃபேஸை வெட்டினால் போதும். இங்கே 240 வோல்ட் எலிமென்ட்டுக்கு நியூட்ரலே போவதில்லை. இரண்டு கம்பியும் ஹாட். எதைத் தொட்டாலும் தரைக்கு 120 வோல்ட். ஒன்றை மட்டும் வெட்டினால் சூடு நிற்கும், ஆனால் மற்றக் கம்பி வழியாக எலிமென்ட்டில் 120 வோல்ட் அப்படியே இருக்கும். நிறத்திலும் ஒரு பொறி உண்டு. ஊரில் கறுப்பு வயர் என்றால் நியூட்ரல், இங்கே கறுப்புதான் ஹாட், நியூட்ரல் வெள்ளை. பழக்கதோஷத்தில் கை கறுப்பை நோக்கித் தைரியமாகப் போகும்.

30 ஆம்பியர் பிரேக்கர் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். பிரேக்கர் காப்பது வயரை. மனிதனின் இதயத்தைக் குழப்ப ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 30 ஆம்பியர் பிரேக்கருக்கு அது கண்ணிலேயே படாது. ஆளைக் காப்பது ஜி.எஃப்.சி.ஐ. போன கரண்ட் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கறாரான கணக்குப்பிள்ளைபோல் பார்த்துக்கொண்டே இருக்கும். சுமார் 5 மில்லியாம்பியர் குறைந்தால் வெட்டிவிடும். ஊரில் இதே வேலையைச் செய்யும் ஆர்.சி.சி.பி. வழக்கமாக 30 மில்லியாம்பியருக்கானது. ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள இடத்தில் இது இல்லாமல் எலிமென்ட்டை இயக்கவே கூடாது என்பது என் கட்சி.

பலர் இதற்கு வெந்நீர்த் தொட்டிகளுக்கென்று விற்கும் ஸ்பா பேனலை வாங்குகிறார்கள். அதிலுள்ள ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் பொதுவாக 50 ஆம்பியர். நாம் இழுக்கும் 10 கேஜ் செம்பு வயருக்கு அது காவல் இல்லை, எனவே மெயின் பேனலில் 30 ஆம்பியர் பிரேக்கர் தனியாக வேண்டும். ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கரிலிருந்து தொங்கும் வெள்ளைச் சுருள் வயரை நியூட்ரல் பட்டையில் முடுக்க வேண்டும். முடுக்காவிட்டால் உள்ளே இருக்கும் மூளை வேலை செய்யாது. ஆகவே இரண்டு ஹாட், நியூட்ரல், எர்த் என நான்கு கம்பிகளும் தேவை. பழைய வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான மூன்று துளை பிளக் பாயிண்டில் தனி எர்த் கிடையாது. 1996 முதல் புதிதாகப் போடுபவற்றுக்கு நான்கு கம்பி கட்டாயம். நியூட்ரலையே எர்த்தாகக் கட்டிக்கொள்ளச் சொல்லும் மேதாவிகள் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 120 வோல்ட் பம்ப் ஓடும்போது அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் அண்டாவின் உடம்பில் ஷாக் இருக்கும்.

சூட்டைக் கூட்டிக் குறைப்பது சாலிட் ஸ்டேட் ரிலே. அது ஸ்விட்ச் அல்ல. வழக்கமாக ஒரு ஹாட்டை மட்டுமே வெட்டும். கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும், அதாவது நிறுத்தச் சொன்னாலும் காய்ச்சிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு ஹாட்டையும் சேர்த்து வெட்டும் கான்டாக்டர் ஒன்றை வையுங்கள். ரிலே 25 வாட்டுக்குக் குறையாமல் சூட்டைக் கக்கும், எனவே ஹீட் சிங்க் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

கரண்ட் கொடுக்கும் முன் பிளக்கைக் கழற்றி வைத்து மல்டிமீட்டரால் பாருங்கள். எலிமென்ட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சுமார் 10.5 ஓம். முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. பிளக்கின் எர்த் பின்னுக்கும் அண்டாவுக்கும் நடுவே ஓர் ஓமுக்கும் குறைவு. நிக்ரோம் சுருளைச் சுற்றி அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த எலிமென்ட் ஜி.எஃப்.சி.ஐ.யை விழவைப்பது அதனால்தான். விழுந்தால் எலிமென்ட்டை மாற்றுங்கள், ஜி.எஃப்.சி.ஐ.யைக் கழற்றாதீர்கள். தண்ணீரில் முழுக மூழ்காமல் போட்டால் சில நொடிகளில் எலிமென்ட் சிவந்து வீணாகும். முதல் கொதிப்பு வெறும் தண்ணீரில் இருக்கட்டும். ஒவ்வொரு காய்ச்சலுக்கு முன்னும் ஜி.எஃப்.சி.ஐ.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், மெயின் பேனலிலிருந்து புதிய லைன் இழுப்பதைத் தவிர. மெயின் பிரேக்கரை அணைத்த பிறகும் வெளியிலிருந்து வரும் கம்பிகள் சேரும் முனைகளில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். உங்கள் ஊர் நிர்வாகத்தின் பெர்மிட்டையும் வாங்கிவிடுங்கள்.