பக்கத்தில் ஓர் இடம் காலி! வீடியோ கேமின் தந்தை உட்கார்ந்திருக்கும் ஆற்றங்கரை

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் ஒரு மான்செஸ்டர் இருக்கிறது. வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில், மெரிமேக் ஆற்றங்கரையில். இங்கிலாந்து மான்செஸ்டரைப் பார்த்து 1810-ல் வைத்துக்கொண்ட பெயர். இதுவும் பஞ்சாலையால் வளர்ந்த ஊர்தான்.

அந்த ஆற்றங்கரையில் ஆர்ம்ஸ் பார்க் என்று ஒரு பூங்கா. அங்கே ஒரு பெஞ்ச். வயதான ஒருவர் அதில் உட்கார்ந்திருக்கிறார், வெண்கலச் சிலையாக. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சிலைக்கு நகரம் கொடுத்திருக்கும் மரியாதை பெரியது. ஆனால், உங்கள் வீட்டில் செல்போனில் கேம் ஆடும் பிள்ளைகளிடம் இவர் யார் என்று கேட்டால் தெரியாது. கேம் வாங்கிக் கொடுத்த அப்பாவுக்கும் தெரியாது. அவர் பேர், ரால்ஃப் பேர். ஆமாம், குடும்பப் பேரே 'பேர்'தான்! டிவியில் கேம் ஆடலாம் என்று முதலில் யோசித்து, அதைச் செய்தும் காட்டியவர். 'வீடியோ கேமின் தந்தை' என்று உலகம் கொண்டாடுவது இவரைத்தான்.

ஆலைச் சங்கு ஓய்ந்த ஊர்

சிலையைச் சுற்றிப் பார்த்தால் செங்கல் கட்டடங்கள். ஆற்றோடு ஒட்டி, நீண்டு போய்க்கொண்டே இருக்கும். அமோஸ்கெக் கம்பெனியின் பஞ்சாலைகள் இவை. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பருத்தி ஆலை என்று பெயர் வாங்கிய இடம். உச்சத்தில் சுமார் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். லீவைஸ் கம்பெனியின் ஆரம்பகால ஜீன்ஸுக்கு டெனிம் துணி நெய்து கொடுத்ததும் இந்த ஆலைதான். 1935 கடைசியில் தறிகள் நின்றன. அடுத்த வருடம் கம்பெனி திவாலானது.

கோவையிலும் மதுரையிலும் மூடிய ஆலைகளைக் கடந்து போனவர்களுக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால், இங்கே எல்லாக் கட்டடங்களையும் இடித்துவிடவில்லை. மிஞ்சியவற்றில் இன்று அலுவலகங்கள், கல்லூரி வகுப்புகள், உணவகங்கள், மியூசியம் எல்லாம் இருக்கின்றன. ஒரு கட்டடத்தில் இருக்கும் அறிவியல் மையத்தில், 1900-ம் ஆண்டு வாக்கில் இந்த ஆலைப் பகுதி எப்படி இருந்ததோ அப்படியே லட்சக்கணக்கான லெகோ கட்டைகளால் செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் வெளியே கூட்டி வருவது கஷ்டம்.

ரால்ஃப் இந்த ஊரில் பிறந்தவர் இல்லை. இங்கே வந்து சேர்ந்தவர்.

பள்ளியில் மூடிய கதவு

ரால்ஃப் 1922 மார்ச் 8 அன்று ஜெர்மனியில் பிறந்தார். யூதக் குடும்பம். ஹிட்லர் ஆட்சியில், யூதன் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள். 1938-ல் குடும்பம் தப்பித்து அமெரிக்கா வந்தது. யூதர்களின் கடைகளும் கோயில்களும் எரிக்கப்பட்ட அந்த நவம்பர் இரவுக்குச் சில மாதங்களே மீதி இருந்தன.

நியூயார்க்கில் ஒரு தொழிற்சாலையில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை. அப்போது ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. ரேடியோ ரிப்பேர், தபால்வழிப் பாடம்! சேர்ந்து படித்து, 1940-ல் ரேடியோ மெக்கானிக் ஆனார். பிறகு ராணுவம், போர். போர் முடிந்ததும் சிகாகோ போய் டெலிவிஷன் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். டிவி என்ற பெட்டியே புதிதாக இருந்த காலம் அது.

1951-லேயே அவருக்கு ஒரு யோசனை. டிவி தயாரிக்கிறோமே, அதற்குள்ளேயே ஒரு விளையாட்டையும் வைத்தால் என்ன? மேலிடம் வேண்டாம் என்றுவிட்டது. அவரும் விட்டுவிட்டார், 15 வருடத்துக்கு.

பஸ் நிலைய வாசலில் ஒரு யோசனை

1966 ஆகஸ்ட் 31. நியூயார்க் பஸ் நிலையத்தின் வெளியே, சக ஊழியர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார் ரால்ஃப். அந்தப் பழைய யோசனை திரும்பி வருகிறது. வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. அதில் வருவதைப் பார்க்கத்தான் முடியும். நாமாக ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடிந்தால்? அங்கேயே குறிப்பு எழுத ஆரம்பித்தார். மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை நான்கு பக்கமாக விரித்து எழுதினார்.

அந்த அலுவலகம் இருந்தது, இதே மெரிமேக் ஆற்றில் மான்செஸ்டருக்குக் கீழே இருக்கும் நாஷுவா என்ற ஊரில். அதுவும் பழைய ஆலை ஊர்தான். கம்பெனியின் பெயர் சாண்டர்ஸ் அசோசியேட்ஸ். ராணுவத்துக்கு எலெக்ட்ரானிக் கருவிகள் செய்யும் இடம். அங்கே நூற்றுக்கணக்கான பேருக்கு மேலதிகாரியாக இருந்தவர், ஒரு சின்ன அறையில் விளையாட்டுச் சாமான் செய்ய ஆரம்பித்தார். கம்பெனி அனுமதித்த ஆரம்பத் தொகை 2,500 டாலர்.

பில் ஹாரிசன், பில் ரஷ் என்ற இரண்டு சகாக்கள் கைகொடுத்தார்கள். 1967-ல் திரையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்தின. அந்த வருடம் முடிவதற்குள் திரையில் பிங்பாங் ஆடினார்கள். ஏழாவதாகச் செய்த மாதிரிப் பெட்டிக்கு, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மரத்தைப் போன்ற பழுப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். அதனால் அதன் பெயர் 'பிரவுன் பாக்ஸ்'. இன்று ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் அத்தனை கேம் பெட்டிகளுக்கும் பாட்டன் அதுதான்.

தனியாக ஆட முடியாத கேம்

டிவி கம்பெனிகளிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், கடைசியாக மேக்னவாக்ஸ் வாங்கிக்கொண்டது. 1972-ல் 'ஒடிசி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. விலை சுமார் 100 டாலர். உலகில் வீட்டுக்கு விற்கப்பட்ட முதல் வீடியோ கேம் பெட்டி.

இன்றைய கண்ணுக்கு அது பாவமாகத் தெரியும். கலர் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும், அவ்வளவுதான். கலர் வேண்டும் என்றால், படம் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை டிவி கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியோடு சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, விளையாட்டுப் பணம் எல்லாம் வரும். ஸ்கோரைப் பெட்டி கணக்கு வைக்காது. பேப்பரில் எழுதிக்கொள்ள வேண்டும். யார் ஜெயித்தது என்பதை ஆடினவர்களே ஒத்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமான விஷயம் ஒன்று. எதிரே நின்று ஆட அதில் கம்ப்யூட்டர் கிடையாது. பந்தை இந்தப் பக்கம் அடித்தால், அந்தப் பக்கம் திருப்பி அடிக்க ஒரு மனுஷன் வேண்டும். அண்ணன் தம்பியோ, அப்பா பெண்ணோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது. இன்னொரு ஆள் வந்து உட்காராமல் டேபிள் டென்னிஸ் ஆட்டமே தொடங்காது.

ஒடிசி மொத்தம் சுமார் மூன்றரை லட்சம் விற்றது. மேக்னவாக்ஸ் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும் என்று பலர் தப்பாக நினைத்து வாங்காமல் போனதும் உண்டு. அதே வருடம் அட்டாரி கம்பெனி 'பாங்' என்ற மேஜைப் பந்து கேமைக் கொண்டு வந்து ஊரையே கலக்கியது. அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல், அதற்குச் சில மாதம் முன்னால் ஒடிசியின் பிங்பாங்கை ஒரு கண்காட்சியில் பார்த்திருந்தார். வழக்கு நடந்து, 1976-ல் சமரசமானது. அட்டாரி உரிமம் வாங்கிக்கொண்டது. சட்டப்படி பேர் ரால்ஃபுக்கு வந்தது. மக்கள் மனதில் நின்றதோ பாங்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1978-ல் ஹோவர்ட் மோரிசனோடு சேர்ந்து 'சைமன்' செய்தார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நான்கு விளக்குகள் மாறி மாறி எரியும். எந்த வரிசையில் எரிந்ததோ அதே வரிசையில் அழுத்த வேண்டும். எந்த வரிசையில் ஒலித்தாலும் காதுக்கு இதமாக இருக்கும் நான்கு ஸ்வரங்களைத் தேடிப்பிடித்து, அதில் ஊதுகொம்பின் ஒலியை வைத்தவர் ரால்ஃப்தான்.

டிசம்பர் 6

2006-ல் வெள்ளை மாளிகையில் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. அந்த வயதிலும் மான்செஸ்டர் வீட்டின் கீழ்த்தளப் பட்டறையில் ஏதாவது ஒன்றைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டே இருந்தார். தன் பிரவுன் பாக்ஸின் நகல்களையும் தன் கையாலேயே செய்தார்.

2014 டிசம்பர் 6 அன்று, 92 வயதில், அதே ஊரில் காலமானார்.

பழைய கேம் பிரியர்கள் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. பரணில் கிடக்கும் பெட்டிகளைத் தேடி எடுத்துத் துடைத்து ஓட வைப்பவர்கள். அவர்களுக்கு இது வீட்டுப் பெரியவர் போன மாதிரியான இழப்பு. ஒடிசிக்கு, அது வெளிவந்து சுமார் 40 வருடம் கழித்தும் புது கேம் செய்து வெளியிட்டவர்கள் அவர்கள். இரங்கல் செய்தி எழுதியதோடு அவர்கள் வேலை முடியவில்லை. அது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், மான்செஸ்டரிலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேரம் காரில் போக வேண்டும்.

காசு போட்டால் உயிர் வரும்

வின்னிபசாக்கி ஏரி. அதன் கரையில் லகோனியா நகரத்தின் வீர்ஸ் பீச். அங்கேதான் இருக்கிறது 'ஃபன்ஸ்பாட்'. 1952-ல் பாப் லாட்டன் என்ற இளைஞர், பாட்டியிடம் 750 டாலர் கடன் வாங்கி, மினி கோல்ஃபோடு தொடங்கிய இடம். 2008-ல் உலகின் மிகப் பெரிய ஆர்கேட் என்று கின்னஸில் பதிவானது.

மேல்தளத்தில் 'அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியம்' இருக்கிறது. விளக்கு வெளிச்சம் குறைவு. 80-களின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வரிசை வரிசையாக ஆள் உயர மெஷின்கள். பேக்-மேன், டாங்கி காங், ஸ்பேஸ் இன்வேடர்ஸ். மியூசியம்தான், ஆனால் தொடாதே என்ற பலகை இல்லை. டோக்கன் போட்டு ஆடலாம்.

அந்த டோக்கனுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு கண்ணில் படாது. பழைய பிக்சர் டியூப் இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பட்டன் தேயும், ஜாய்ஸ்டிக் தளரும், சர்க்யூட் போர்டில் ஒரு சின்ன பாகம் போனால் வேறு பழைய மெஷினிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். ஒரு மெஷின் ஓட, இன்னொன்று உறுப்பு தானம் செய்கிறது. ஓட்டிக்கொண்டே இருந்தால் தேயும். பெட்டியில் வைத்துப் பூட்டினால் அது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாமலே போகும். இரண்டில் தேய்வதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் இவர்கள். பாப் லாட்டனும் 2021 நவம்பரில், 90 வயதில் மறைந்துவிட்டார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ரால்ஃபின் பட்டறைக்கு வேறு வழி கிடைத்தது. அவருடைய கருவிகளும் பாகங்களும் மேஜையுமாக அந்தக் கீழ்த்தளப் பட்டறையை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று மியூசியத்தில் வைத்தார்கள். அவர் மறைந்து ஏழு மாதம் கழித்து, 2015 ஜூலையில் மக்கள் பார்வைக்குத் திறந்தது. பிரவுன் பாக்ஸும் அந்த மியூசியத்தின் சொத்துதான். பாஸ்போர்ட்டும் பயந்த முகமுமாக இந்த நாட்டுக்கு வந்த பையனின் ஸ்க்ரூடிரைவர், இன்று அந்நாட்டின் வரலாற்றுச் சின்னம்.

திரும்ப அந்த பெஞ்சுக்கு

மான்செஸ்டரில் அந்தச் சிலை 2019 மே மாதம் திறக்கப்பட்டது. இடத்துக்கு 'பேர் ஸ்கொயர்' என்று பெயர் வைத்தார்கள். பாஸ்டன் விமான நிலையத்திலிருந்து காரில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் வந்துவிடும். அக்டோபரில் போனால் ஆற்றங்கரை மரங்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறியிருக்கும். அவர் நினைவு நாள் வரும் டிசம்பரிலோ கடுங்குளிர். கையுறை இல்லாமல் போகாதீர்கள்.

பார்க்க டிக்கெட் கிடையாது. பெரிய பூங்காவும் கிடையாது. ஆறு ஓடும், எதிரே செங்கல் ஆலைகள் நிற்கும். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

ஆனால், பெஞ்சில் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தவர்கள் உடனே எழுந்திருப்பதில்லை. இரண்டாவது ஆள் வந்துவிட்டார். இனி ஆட்டத்தை ஆரம்பிக்கலாம்.