பழைய காரில் சிறுமலை போகலாமா?

திண்டுக்கல்லில் வெயில் கொளுத்தும்போது, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிச் சிறுமலை குளுகுளுவென்று இருக்கும். நடுவே 18 கொண்டை ஊசி வளைவுகள். அம்பாசடர், மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பரீட்சை!

கிளம்பும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டரில் தண்ணீர் பாருங்கள். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால், ஓரமாக நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்பரேட்டர் வண்டிகளில், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்திருக்கலாம். இன்ஜின் அருகே உள்ள பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் தேவை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமாகுமே என்று நியூட்ரலில் விட்டால், மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

பிரேக் பெடல் ஊருக்குள்ளேயே வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறதா? அதற்குக் கைவைத்தியம் கிடையாது. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடப் போங்கள். சிறுமலை எங்கேயும் ஓடிவிடாது!