எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு

எட்டுக் கல்லூரிகள் கலந்துகொள்ளும் இவ்வாண்டுப் பந்தய வரிசையில் நம் கல்லூரிக் கால்பந்து அணி இன்று ஐந்தாவது இடத்தில் நிற்கிறது. ஐந்து பந்தயங்கள் முடிந்துவிட்டன, இரண்டு பாக்கி. முதல் நான்கு இடங்களைப் பெறுவோர்தாம் அரையிறுதிக்குப் போவார்கள். ஆகவே ஐந்தாவது இடம் என்பது கல்யாண வீட்டு வாசற்படியில் நிற்பவனுடைய நிலைமை. உள்ளே இலை போடும் சத்தம் கேட்கிறது. நமக்கு இலை உண்டா என்பதுதான் தெரியவில்லை.

இந்நிலைமைக்கு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு காரணந்தான் சொல்லப்படுகிறது: "கோல் கீப்பருக்கு ஓட்டைக் கை." அந்தக் கோல் கீப்பர் வேறு யாருமல்லர், நம் தமிழ்ச் சங்கத்து உறுப்பினர், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர். முதல் பந்தயத்தன்று அவர் பெயரைச் சொல்லித் தொண்டை வற்றக் கூவிய நம் கூட்டம், இரண்டாவது தோல்விக்குப் பிறகு மைதானத்தின் பக்கமே தலைகாட்டவில்லை. அவரை மாற்றிவிட வேண்டும் என்ற பேச்சு அணிக் கூட்டத்திலும் எழுந்துவிட்டது. அதை முதலில் எடுத்தவர்களில் நம்மவர் சிலரும் உண்டு. அந்தப் பேச்சுக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை என்று கேட்கலாம். எனக்குப் பந்து உதைக்க வராது. பௌதிகம் படிப்பவன், நோட்டுப் புத்தகமும் கடிகாரமுமாக இருக்கப் பழகியவன். அதைக் கண்ட அணித்தலைவர், நாம் எல்லோரும் 'தாதா' என்று அழைக்கும் வங்காள நண்பர், பந்தயக் குறிப்பு எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். எத்தனையாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது, எந்தப் பக்கத்திலிருந்து பந்து வந்தது, யார் எங்கே நின்றார் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டுப் புத்தகம் சாப்பாட்டுக் கூடம் சொல்வதைச் சொல்லவில்லை.

முதலில் மொத்தக் கணக்கு. முதல் பந்தயத்தில் 3-1 என்று வென்றோம். இரண்டாவதில் 1-2 என்று தோற்றோம். மூன்றாவது 2-2 என்று சமனாயிற்று. நான்காவதில் 1-0 வெற்றி. ஐந்தாவதில் 1-3 தோல்வி. போட்ட கோல் 8, வாங்கியதும் 8. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 என்ற முறைப்படி நமக்கு 7 புள்ளிகள். பார்த்தால் நடுத்தரமான அணி, நடுத்தரமான இடம். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும்.

வாங்கிய எட்டுக் கோல்களையும் நிமிஷ வாரியாக அடுக்கிப் பாருங்கள்: 15, 22, 72, 74, 79, 81, 85, 88. எட்டில் ஆறு கோல் எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு விழுந்தவை! தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில் கோல்கள் ஒரே சீராக விழுவதானால் கடைசி இருபது நிமிஷத்துக்கு இரண்டு கோல்கூட வராது. எங்கும் முற்பாதியைவிடப் பிற்பாதியில் கோல் அதிகம் விழும் என்பது உண்மையே. உலகக் கோப்பைப் பந்தயங்களிலும் அப்படித்தான். எட்டு என்பது சிறிய எண், அதை வைத்துப் பெரிய சித்தாந்தம் கட்டலாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் எட்டில் ஆறு என்பது நின்று பார்க்க வேண்டிய விஷயம்.

ஒவ்வொரு பந்தயமும் எழுபதாவது நிமிஷத்தில் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு வெற்றி, ஒரு சமன், 13 புள்ளி. இன்று நாம் ஐந்தாவது இடத்தில் நிற்க மாட்டோம். எழுபது நிமிஷம் வரை நம் அணி ஒருவருக்கும் இளைத்ததன்று. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று உடைகிறது. உடைவது எது?

அந்த ஆறு கோல்களையும் பிரித்துப் பார்த்தேன். முதல் மூன்று பந்தயங்களில் பந்தயத்துக்கு ஒன்றாக மூன்று, கார்னர் உதையிலிருந்து தலையால் முட்டப்பட்டவை. ஐந்தாவது பந்தயத்தில் விழுந்த இரண்டு, நம் இடது பக்கம் காலியாகி எதிரி தனியே ஓடிவந்து போட்டவை. மீதி ஒன்று, இரண்டாவது பந்தயத்தின் 88-ஆவது நிமிஷத்தில், மழையில் நனைந்த பந்து கோல் கீப்பர் கையிலிருந்து வழுக்கியது. அது அவர் தவறு, அவரே ஒப்புக்கொள்கிறார். எட்டில் அந்த ஒன்றுதான் அவர் தவறு. ஆனால் எல்லோர் நினைவிலும் நிற்பது அதுதான். முன்வரிசைக்காரன் வெறுங்கோலைத் தவறவிட்டால் 'ஐயோ' என்று சொல்லி மறந்துவிடுகிறோம். கோல் கீப்பர் தவறவிட்டால் அவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிறோம்.

மேலும் எழுபதுக்கு முன்பு விழுந்த இரண்டில் ஒன்று பெனால்டி. பந்து வைக்கும் இடத்துக்கும் கோலுக்கும் தூரம் 11 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் பந்து அரை வினாடிக்கும் குறைந்த நேரத்தில் வந்து சேர்கிறது. காக்க வேண்டிய அகலமோ 7.32 மீட்டர், உயரம் 2.44. அதைத் தடுத்தால் மெச்சலாம். தடுக்காவிட்டால் ஏசுவதற்கு நியாயமில்லை. மற்றது இருபதடிக்கு அப்பாலிருந்து மேல்மூலைக்குப் போன அழகான அடி. எதிரியைப் பாராட்ட வேண்டிய இடம் அது.

கார்னர் கோல்களைப் பற்றி நம் கோல் கீப்பரிடமே கேட்டேன்.

"அண்ணே, நான் வர்றேன்னுதான் கத்துறேன். முன்னால நிக்கிறவங்க நகரவே மாட்டேங்கிறாங்க."

"என்னன்னு கத்தினே தம்பி?"

"'விடு, விடு'ன்னு."

சிரிப்பு வந்தது, உடனே சிரிப்பு நின்றும் போயிற்று. அவருக்கு முன்னால் நிற்பவர்களில் இருவர் வங்காளிகள், ஒருவர் ஒடிசாக்காரர், இடது புறத்தவர் மணிப்பூர் நண்பர். கார்னர் உதையில் பந்து ஆகாயத்தில் இருப்பது இரண்டு வினாடிக்கு மேல் இராது. அந்த நேரத்துக்குள் நம் பிள்ளையின் வாயில் வருவது தாய்மொழிதான். ஆட்டத் தொடக்கத்தில் கவனமாக வங்காளியில் சொல்கிறார். களைத்த பிறகு தமிழில் கத்துகிறார். 'விடு' என்பது மற்ற நால்வருக்கும் வெறும் சத்தம். அவர்களும் தாவ, இவரும் தாவ, இடையில் எதிரி தலையை நீட்டுகிறான். வெளியூரில் படிக்கும் நமக்கெல்லாம் கடைத்தெருவில் நேரும் சங்கடந்தான் இது. அங்கே வெண்டைக்காய்க்குப் பதில் வேறொன்றை வாங்கி வருகிறோம். இங்கே கோல் விழுகிறது.

நான்காவது பந்தயத்துக்கு முன் தாதாவிடம் இதைச் சொன்னேன். அவர் பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு சொல்லை எல்லோருக்கும் பொதுவாக்கினார்: 'ஆமார்'. வங்காளியில் 'என்னுடையது' என்று பொருள். பயிற்சியில் ஒரு மாலை முழுதும் கார்னர் உதை வைத்து, அந்தச் சொல்லை நம் பிள்ளையின் நாக்கில் ஏற்றினார்கள். விளைவைக் கேளுங்கள். நான்காவது பந்தயத்தில் நம்மீது வந்த கார்னர் உதைகள் 7, ஐந்தாவதில் 6. பதின்மூன்றில் ஒன்றுகூடக் கோலாகவில்லை. ஐந்தாவது பந்தயத்தை நாம் தோற்றது உண்மை. ஆனால் அந்தத் தோல்வியிலும் ஒரு நோய் தீர்ந்திருந்தது. தீர்ந்த நோய்க்காகவா வைத்தியம் செய்து கோல் கீப்பரை மாற்றப் போகிறார்கள்?

தீராத நோய் இடது பக்கத்தில் இருக்கிறது. மணிப்பூர் நண்பர் நம் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்பது என் துணிபு. முன்னே போய்ப் பந்து கொடுப்பவரும் அவரே. பின்னே ஓடிவந்து காப்பவரும் அவரே. கொல்கத்தாவின் மாரிக்காலச் சேற்றில் எழுபது நிமிஷம் இப்படி ஓடியவருக்கு எழுபத்திரண்டாவது நிமிஷத்தில் கால் எழும்பவில்லையென்றால் அதில் குற்றம் என்ன? 1970-ஆம் ஆண்டுக்கு முன்பு உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது; களைத்தாலும் நொண்டினாலும் பதினொருவர்தான். இன்று ஐவரை மாற்றலாம் என்பது விதியாகவே ஆகிவிட்டது. நம் பந்தயத்திலும் அப்படித்தான். ஐந்து பந்தயங்களில் 25 பேரை மாற்றியிருக்கலாம். நாம் மாற்றியது 4 பேரை! காரணம் தாதாவின் பிடிவாதம் அன்று. பயிற்சிக்கு வருவது பதினான்கு பேர். அவர்களிலும் இருவருக்குப் பந்தய நாளில் சோதனைச்சாலை வேலை வந்துவிடுகிறது. மாற்றுவதற்கு ஆளில்லை.

கடைசி நிமிஷங்களின் மதிப்பு இந்த நகரத்துக்குத் தெரியாததன்று. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்று கேடயம் பெற்ற கதையை இங்குள்ள குழந்தைகூடச் சொல்லும். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதைத்தான் நாம் வியந்து பேசுகிறோம். அன்று முதல் கோல் போட்டது படையணி. சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் பதில் கோல்களைப் போட்டது ஆட்டம் முடியும் தறுவாயில். பூட்ஸ் இல்லாதவர்களுக்குக் கடைசிவரை மூச்சு இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கோல் கீப்பர்களைப் பற்றியும் இந்நகரத்துக்கு ஒரு நினைவு உண்டு. ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் 1956, 1960 ஒலிம்பிக் அணிகளிலும், 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இடம் பெற்றவர். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றவர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றுக்கும் ஆடியவர். ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் அந்த மூன்று கூட்டமும் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டதென்றால், அவர் எந்த ஊர் என்று பார்த்தா ஏற்றுக்கொண்டது? நாமும் நம் பிள்ளையை 'நம்மவன்' என்பதற்காகத் தாங்கவும் வேண்டாம். 'நம் மானம் போயிற்று' என்று கைவிடவும் வேண்டாம். ஆட்டத்தைப் பார்த்து மதிப்பிட்டால் போதும். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது இந்தப் பந்தயங்களிலிருந்துதான். இப்போது அவரை உட்காரவைத்தால் இந்த ஆண்டு அவருக்கு அந்த வாசல் மூடிவிடும்.

இனி வரப்போகும் இரண்டு பந்தயங்கள்.

அடுத்தது பொறியியல் மாணவர் அணியோடு. அவர்களே இப்போது நான்காவது இடத்தில் 9 புள்ளிகளோடு இருப்பவர்கள். வென்றால் நமக்கு 10, அவர்களைத் தாண்டிவிடுவோம். சமனானால் நமக்கு 8, அவர்களுக்கு 10; கடைசிப் பந்தயத்தில் நாம் வென்று அவர்கள் தோற்றால்தான் நமக்கு வழி. தோற்றால் அவர்களை நாம் பிடிக்கவே முடியாது. நெட்டையான ஆட்டக்காரர்கள், அவர்கள் போடும் கோலில் பெரும்பகுதி கார்னரிலும் தலையடியிலும் வருவது. ஒரு மாதத்துக்கு முன்பென்றால் நான் பயந்திருப்பேன். 'ஆமார்' என்ற சொல்லைக் கற்ற கோல் கீப்பர் நிற்கையில் பயமில்லை. அவரை எடுத்துவிட்டுப் புதியவரை நிறுத்தினால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் கார்னரில் கைதேர்ந்தவர்களுக்கு எதிரில்!

கடைசிப் பந்தயம், இதுவரை ஒன்றுமே வெல்லாத வணிகவியல் மாணவர் அணியோடு. அதை இப்போதே வென்றுவிட்டதாக விடுதியில் பேசுகிறார்கள். அவர்கள் தோற்ற நான்கும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றவை. வரிசையின் அடியில் இருக்கும் அணியெல்லாம் மோசமான அணியென்று எண்ணுவது, ஐந்தாவது இடத்துக்குக் கோல் கீப்பர்தான் காரணமென்று எண்ணுவது போன்றதே.

தாதாவிடம் என் யோசனையைச் சொல்லியிருக்கிறேன். அறுபதாவது நிமிஷத்தில், களைப்பு தெரிவதற்கு முன்பே, இடது பக்கத்தில் புதுக் கால் ஒன்று இறங்க வேண்டும், நடுவரிசையில் இன்னொன்று. "ஆள் கொடு" என்கிறார் அவர். ஆள் நம்மிடம் இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்தவர்கள் நம் சங்கத்தில் ஐந்தாறு பேருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள், பேச்சில் கேட்டிருக்கிறேன். தொண்ணூறு நிமிஷம் ஆடச் சொல்லவில்லை. கடைசி முப்பது நிமிஷம் ஓடினால் போதும். சேறு பழக இரண்டு மாலைப் பயிற்சி வேண்டும். 'ஆமார்' என்ற சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓட முடியாதவர்கள் என்னோடு கோட்டுக்கு வெளியே நிற்கலாம். மழை வரும், குடை கொண்டு வாருங்கள். எழுபதாவது நிமிஷத்தில் டீக்கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம்.