பாஸ் இல்லாத ஆத்துல மீன் பிடிக்கிறது எப்படி?

ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா கிடந்த மாதங்களில் நான் யூடியூபில் பார்த்ததெல்லாம் அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்கள்தான். படகு, சக்கரம் வைத்த தூண்டில், கலர் கலராய் ரப்பர் புழு. எங்கள் அக்கரப்பத்தனையில் பாஸ் ஏது? வீட்டுக்குக் கீழே ஆக்ரா ஓயா ஓடுகிறது. அதில் விரல் நீளக் கெண்டையும் கை விறைக்கிற குளிரும்தான் உண்டு.

ஆனால் அந்த ஆறு லிந்துலை தாண்டி, தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. போகிற வழியில் தண்ணீர் நின்று நிதானிக்கிற மடுக்களில் திலாப்பியா கிடைக்கும். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் மாமா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவரிடம் போவேன்.

தொரைமார் 1880களில் சீமையிலிருந்து ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். சாப்பாட்டுக்கு இல்லை, விளையாட்டுக்கு. திலாப்பியா 1952இல் இந்த நாட்டுக்கு வந்தது. அதுதான் எங்கள் குழம்புச் சட்டிக்கு வந்து சேர்ந்த மீன்.

முதல் நாள் என் ரப்பர் புழுவைப் பார்த்து மாமா சிரித்தார். "இது பாசி திங்கிற மீனுடா. இத எதுக்குக் கடிக்கும்?" மூங்கில் கம்பு, தங்கூசி, சின்ன முள், மயிலிறகுக் காம்பில் ஒரு தக்கை. அவ்வளவுதான் அவர் சாமான். திலாப்பியாவுக்கு வாய் சின்னது. அதனால் முள்ளும் சின்னதாய் இருக்கணும். இரைக்கு மண்புழுத் துண்டு, இல்லாவிட்டால் ரொட்டி மாவு உருண்டை.

விடியற்காலைதான் நல்ல நேரம் என்று வீடியோவில் சொன்னதை நம்பி, பனியில் நடுங்கிக்கொண்டு ஆறு மணிக்கே போய் நின்றிருக்கிறேன். தக்கை அசையவே இல்லை. மீனுக்கு ரத்தம் தண்ணீரோடு சேர்ந்து குளிரும். குளிர்ந்தால் பசி மந்தம். நம்ம மலையில் மடுவின் மேல் வெயில் விழுந்து ஒரு மணி நேரம் ஆகட்டும், அப்புறம் போங்க.

எங்கே போடுவது? வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற கோட்டில். பெரிய கல்லுக்குப் பின்னால். மீன் ஓய்வாக நிற்கும், சாப்பாடு தானே மிதந்து வரும். பாஸ் வீடியோவில் சொன்னதில் இது ஒன்றுதான் இங்கேயும் அப்படியே பலித்தது. உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. கரையில் தொப்பு தொப்பென்று நடக்காதீங்க. அந்த அதிர்வை மீன் உடம்பால் உணரும். ஆறு திடீரென்று கலங்கி, குச்சியும் இலையும் மிதந்து வந்தால் மேலே மழை. தூண்டிலை விட்டுவிட்டாவது கரையேறுங்க.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு நாளைக்கு மூன்று மீன், நாலு மீன். எனக்குப் போதவில்லை.

ஏப்ரலில், மாமா ஊரில் இல்லாத ஒரு நாள், நாங்கள் நாலு பேர் ஒரு பை பிளீச்சிங் பவுடரோடு அதே மடுவுக்குப் போனோம். எவன் யோசனை என்று இப்போது ஆளாளுக்கு மாற்றிச் சொல்கிறோம். கொட்டினதும் நான்தான். கால் மணி நேரத்தில் வெள்ளை வயிறு வெள்ளை வயிறாய் மேலே வந்தது. உரச் சாக்கில் முக்கால்வாசி நிரம்பியது. நாங்கள் கத்திய கத்தலுக்கு அளவே இல்லை.

ஒரு மீனைத் தூக்கியபோது அதன் வாயிலிருந்து என்னவோ கொட்டியது. அரிசி நொய் மாதிரி, கண் மட்டும் கறுப்பாய். குஞ்சுகள். திலாப்பியாத் தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துத்தான் காப்பாற்றும். தண்ணீர் எரிந்தபோதும் அது வாயைத் திறக்கவில்லை போல. என் உள்ளங்கையில் இருந்தது எதுவும் அசையவில்லை.

கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சத்தம் போட்டார்: "டேய், இந்தத் தண்ணியத்தானடா புள்ளைங்க குளிக்குது!" சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நஞ்சு போட்டு மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டமே தடுக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குச் சட்டம் தேவைப்படவில்லை. அடுத்த வருசம் முழுக்க அந்த மடுவில் ஒரு தக்கைகூட அசையவில்லை. அது போதும்.

மாமாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏசவில்லை. வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல், இன்னும் அரை மணி நேரம் மேலே நடக்க வைத்து வேறொரு மடுவுக்குக் கூட்டிப்போனார். அங்கே கிடைத்த முதல் மீனை என் கையில் வைத்து, "ஒன் கைய விடச் சின்னதா இருக்கு பாரு. விட்டுரு" என்றார். விட்டேன்.

கடைசி வழி அதுதான். வீடியோவில் யாரும் முதலாவதாகச் சொல்லாதது.

போன ஞாயிறு மூன்று கிடைத்தது, ஒன்றை விட்டேன். அம்மா பையைத் திறந்து பார்த்து, "இம்புட்டுதானா?" என்று கேட்டுக்கொண்டே புளியை ஊறப் போட்டார்.