குறி இல்லாத கைப்பிடி

பென்சில்வேனியாவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் உதிரி பாகங்களை விற்பவன் நான். ஒரு மனிதருக்குப் பொய்யை விற்றேன். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கப் பார்க்க மாட்டேன்.

சரக்கு இதுதான். எம்-16 வகைத் துப்பாக்கியில் பொருந்தும் கருப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி. உள்ளே சின்ன அறை. அடியில் மூடி. கம்பெனிப் பெயர் இல்லை, எண் இல்லை. "வியட்நாம் காலத்ததா?" என்று கேட்டார் வந்தவர். அவருடைய அப்பா 1967-இல் வியட்நாமின் கே சான் பக்கம் அமெரிக்க மரைன் படையில் இருந்தவர். இறந்துவிட்டார். அவர் நினைவாக மகன் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்துகொண்டிருந்தார்.

புரட்டிப் பார்த்தேன். 1980-களில் வந்த எம்-16 ஏ-2 கைப்பிடியின் முன்பக்கம் விரலுக்கு ஒரு மேடு இருக்கும். இதில் இல்லை. மேடு இல்லையென்றால் பழசு என்பது எங்கள் தொழிலின் அரைகுறை நியாயம். மேடில்லாத கைப்பிடியை எந்த வருஷத்திலும் எவனும் வார்த்துவிடலாம். பக்கத்து மேசை வியாபாரி வேறு காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் "தெரியவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ராணுவம் கொடுத்ததுதான். துப்பாக்கி துடைக்கிற சாமான் உள்ளே இருக்கும்" என்றேன். அதையே ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். விலையையும் ஏற்றினேன்.

வியட்நாம் காலத்து ராணுவக் கைப்பிடி அடிப்பக்கம் திறந்த வெறும் கூடு. மூடி கிடையாது. துடைக்கிற சாமானுக்கு இடம் வைத்தது 1970 வாக்கில், அதுவும் தோளில் அண்டக்கொடுக்கும் கட்டையில். இது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். 1967-இல் அந்தச் சாமான் களத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. வெடிமருந்தை மாற்றியதில் கசடு கூடியது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, அது துருப்பிடித்தது. சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. எதிரி சுடச்சுட, குழல் வாய் வழியே கம்பியை விட்டு அதைக் குத்தித் தள்ளினார்கள். அப்படியே செத்தவர்கள் உண்டு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு அந்த வருஷமே இதை விசாரித்தது.

அப்பாவின் படைத்தோழர்கள் கூடிய இடத்துக்கு மகன் அந்தப் பெட்டியைக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு முதியவர் என் அட்டையைப் படித்திருக்கிறார். "இது எங்கள் கையில் இருந்ததென்று எவன் சொன்னான்?" என்று கத்தினாராம். பக்கத்தில் இருந்தவனைக் கூடு சிக்கிப் பறிகொடுத்தவர் அவர். மகனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவைக் கௌரவிக்கப் போனவர் அவருடைய தோழர்கள் எதிரில் தலைகுனிந்து நின்றார்.

எனக்குப் போன் செய்தார். அப்போதாவது ஒப்புக்கொண்டேனா? இல்லை. "கொஞ்சம் பேருக்கு மட்டும் கொடுத்திருக்கலாம்" என்றேன். முதல் பொய்யாவது வாய்க்கு வந்தபடி வந்தது. இது யோசித்துச் சொன்னது.

பணத்தைத் திருப்பி அனுப்பியதெல்லாம் பிறகுதான். மகன் பணத்தைக் கேட்கவே இல்லை. அந்த முதியவருக்கு என் கைப்பட ஒரு கடிதம் எழுதச் சொன்னார். விலாசமும் கொடுத்தார். இன்னும் எழுதவில்லை. வேலை அதிகம் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய். பயம்.