ஒரு பானை சோறும் 24-க்கு ஒண்ணும்

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கணினி, கொஞ்சம் கடல். பயப்படாதீங்க, சமன்பாடெல்லாம் கிடையாது.

நீளமான எண் வரிசை ஒண்ணு இருக்கு. அதுல 24-க்கு ஒண்ணுன்னு எடுக்கணும். பைத்தான்ல நம்பை வச்சிருக்கறவங்க [::24]னு போட்டா முடிஞ்சது. மேட்லாப், ஃபோர்ட்ரான் 90 எல்லாத்துலயும் இந்த வசதி உண்டு, எழுதற வரிசைதான் கொஞ்சம் மாறும். நம்பை இதுக்கு நகல்கூட எடுக்கறதில்லை. அடுத்த எண்ணுக்கு 8 பைட் தாண்டறதுக்குப் பதிலா 192 பைட் தாண்டுது, அவ்வளவுதான். செலவே இல்லாத வேலை. அதனாலேயே யாரும் யோசிக்காம செய்யற வேலை.

'ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்'னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க இல்லையா, அதே நம்பிக்கைதான். ஆனா பானையில இருக்கற சோறு எல்லாம் ஒரே தண்ணியில, ஒண்ணா வேகுது. எந்தப் பருக்கையை நசுக்கினாலும் ஒரே பதில்தான் வரும். கடல் அப்படி இல்லை.

இங்கே இங்கிலாந்துல எங்க லேப்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. ஒரு துறைமுகத்தோட கடல்மட்டம், மணிக்கு ஒரு அளவு, ஒரு வருஷத்துக்கு 8760 எண். படம் போட்டா ஒரே கறுப்புப் பட்டையாத் தெரியுதுன்னு 24-க்கு ஒண்ணு எடுத்தா. 365 புள்ளி. அடடா, என்ன அழகான அலை! சுமார் 15 நாளைக்கு ஒரு முறை ஏறி இறங்குது. அமாவாசை, பௌர்ணமிக் கணக்கோடயும் ஒத்துப்போகுது. முதல் வருஷ அறிக்கையில ஒரு அத்தியாயமே இதுதான்னு முடிவு பண்ணிட்டா. மறுநாள் காலைல சமர்ப்பிக்கணும்.

எனக்கு ஏதோ இடிச்சது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தோட வீச்சுதான் கூடும். கடலோட சராசரி மட்டம் மீட்டர் கணக்குல ஏறி இறங்காது. "முதல் எண்ணுக்குப் பதிலா ஆறு மணி நேரம் தள்ளித் தொடங்கிப் பாரேன்"னேன். [6::24]னு போட்டா. மேடு இருந்த இடமெல்லாம் பள்ளம்!

நிஜமாவே 15 நாள் அலைன்னா ஆறு மணி நேரத்துல தலைகீழாகுமா? நடந்தது இதுதான். சந்திரனால வர்ற ஓதத்துக்கு ஒரு சுற்று 12.42 மணி நேரம், ரெண்டு சுற்றுக்கு 24.84. நாம 24 மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தா, ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் பின்தங்கி நிக்கும். அந்தப் பின்தங்கல் சேர்ந்து 14.77 நாள்ல ஒரு சுற்றா முடியும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைவெளியும் அதேதான். பொய் உண்மையோட சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இது மாணவர் தலைவலி மட்டும் இல்லைங்க. 1992-ல ஏவின டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு 9.9156 நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அதுக்கு இதே ஓதம் 62 நாள் அலையாத் தெரியும். 1991-ல போன ஈஆர்எஸ்-1 சூரியனோட ஒத்து ஓடுற வகை. எப்பவும் அதே உள்ளூர் நேரத்துல வர்றதால, சூரியனோட 12 மணி நேர ஓதம் அதுக்கு அசையவே அசையாது. டோபெக்ஸ் பாதையைத் தேர்ந்தெடுத்தவங்க இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வேணும்னே சூரியனோட ஒட்டாம விட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி 25 மணி நேரச் சராசரி எடுத்து, அப்புறம் 24-க்கு ஒண்ணு எடுத்தோம். அலை போயிடுச்சு. மிஞ்சினது காத்தும் காத்தழுத்தமும் கடலைத் தள்ளின ஒழுங்கில்லாத மேடு பள்ளம். அவ முகம் வாடிப்போச்சு. பத்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டி, "அன்னிக்குப் புயல் அடிச்சுதே, ஞாபகம் இருக்கா?"ன்னா. அத்தியாயம் அங்கேருந்துதான் தொடங்குச்சு.

நீங்களும் இத்தனைக்கு ஒண்ணுன்னு எடுத்தா, தொடக்கப் புள்ளியை ஒரு தடவை மாத்திப் பாருங்க. கதை மாறினா, அது உங்க தரவோட கதை இல்லை, நீங்க தாண்டின தாண்டலோட கதை.