கால் பதியும் கற்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வரும் அன்பர்கள், மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, பொம்மையார்பாளையத்துக்கு அருகில் பெரிய முதலியார்சாவடி என்னும் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கக்கூடும். ஆரோவில்லுக்குச் செல்லும் சாலை இங்கிருந்து மேற்கே பிரிகிறது. சாலைக்குக் கிழக்கே கடல். மேற்கே செம்மண் மேடு. பெருமழை பெய்தால் அந்த மேட்டு மண் கரைந்தோடி, கரையோரக் கடல்நீர் காவி நிறம் கொண்டுவிடும். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்திற்குச் சாவடி என்று பெயர். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவியும் இளைப்பாற வந்த இடமும் இதுவே.

தெருக்கோடியில் அம்மன் சந்நிதி ஒன்று உண்டு. சிறிய கோயில்தான். மூன்றாண்டுகளுக்கு முன் அதற்குத் திருப்பணி தொடங்கியபோது, வங்கிக்காரர் என்பதால் கணக்கு எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். கருவறை, விமானம் ஆகியவற்றில் கருத்து வேற்றுமை எழவில்லை. அம்மனைச் சுற்றி வலம்வரும் பாதைக்கு எதைப் பாவுவது என்பதில்தான் வாக்குவாதம் எழுந்தது. பளபளப்பாக மெருகேற்றிய கிரானைட் பலகைகளை உபயமாகத் தர இருவர் முன்வந்திருந்தனர். ஒவ்வொரு பலகையிலும் உபயதாரர் பெயரைப் பொறிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. நான் வேண்டாம் என்றேன். கணக்கெழுதுபவர் கருத்துச் சொல்வதைச் சிலர் விரும்பவில்லை.

நான் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, வேறோர் ஊரில், ஒரு கோயிலின் வெளிப்பிராகாரத்தில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். அபிஷேக நீரும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் கலந்து கண்ணாடிபோல் மின்னிய தளம் அது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கினாள். ஆனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கொடிமரத்தடியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். நாற்பதாண்டுக் காலம் வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்று சுற்று வலம்வந்தவள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வழவழப்பான தளத்துக்கு நன்கொடை கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ரசீது இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

குழுவினரை வெறும் பேச்சால் இணங்கவைக்க இயலாது என்று தோன்றியது. நம் முன்னோர் காலடிக்கு என்ன செய்து வைத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்து வரலாம் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

குயிலாப்பாளையம், இடையன்சாவடி வழியாக மேற்கே சென்றால் இரும்பை வரும். திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இதுவே; தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் ஒன்று. சுவாமி மாகாளேசுவரர், அம்பிகை குயில்மொழியம்மை. உஜ்ஜயினி, அம்பர் மாகாளம், இரும்பை மாகாளம் என மாகாளங்களை மூன்றாகச் சொல்வர். கடுவெளிச் சித்தர் வரலாறு இத்தலத்துக்கு உரியது. ஆலயத்தில் நடனமாடிய கணிகையின் கால் சிலம்பு கழன்று விழ, ஆட்டம் தடைப்படக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கண்டவர்கள் நகைத்தனர். சித்தர் மனம் நொந்து பாட, இலிங்கம் மூன்றாகப் பிளந்தது. மன்னன் பிழை பொறுக்க வேண்டியபின் அத்துண்டுகள் ஒன்று கூடின. இன்றும் அவ்விலிங்கத்தைச் செப்புப் பட்டயம் கட்டிச் சேர்த்து வைத்திருப்பதைக் காணலாம். ஆடுகிறவளின் கால் தடுமாறலாகாது என்பதே சித்தரின் கவலையாக இருந்திருக்கிறது. இக்கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஊன்றுகோலின் ஓசையை அருகில் கேட்டபடி அங்கே நின்றபோதுதான் அது என் மனத்தில் பட்டது.

அங்கிருந்து திருவக்கரை. இதுவும் சம்பந்தர் பாடிய தலம். மும்முக இலிங்கமாகச் சந்திரமௌலீசுவரர் காட்சி தருகிறார். வக்கிரகாளியம்மனைப் பௌர்ணமி இரவில் தரிசிக்கத் திரளும் கூட்டத்தை அன்பர்கள் அறிவார்கள். கொடிமரம், நந்தி, மூலவர் ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் அமையாதது இத்தலத்தின் தனித்தன்மை. முதலாம் இராஜராஜன் காலத்தில் செம்பியன் மாதேவியார் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். அருகிலுள்ள கல்மரப் பூங்காவில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன அடிமரங்கள் கிடக்கின்றன. அம்மன் வதம் செய்த வக்கிராசுரனின் எலும்புகளே அவை என்று ஊர்மக்கள் சொல்வார்கள். சுற்றுவட்டாரமே கல்லுக்குப் பேர்போனது. சாலையெங்கும் ஜல்லி லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய மண்டபத்தின் பாவுகற்கள்மேல் மனைவி செருப்பில்லாத காலை வைத்தாள். சற்று நின்றாள். "ஏங்க, இங்க கால் பிடிக்குதுங்க" என்றாள். குனிந்து தடவிப் பார்த்தேன். தொலைவிலிருந்து பார்த்தால் சமதளமாகத் தெரியும் அக்கல்லில், உளிமுனை கொத்திய நுண்ணிய புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் கால்கள் தேய்த்தும் அச்சொரசொரப்பு முழுதும் போய்விடவில்லை. நீர் தேங்குவதற்கு அது இடம் தராது. ஈரத்திலும் பாதம் வழுக்காது. காசிக்குப் போனவர்கள் அங்குள்ள குறுகலான சந்துகளின் கல்தளத்தை நினைவுகூர்ந்தால் நான் சொல்வது விளங்கும்.

அவ்வட்டாரத்திலேயே கல்வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் அறிமுகமானார். எழுபதை நெருங்கும் வயது. எங்கள் கோயிலைப் பார்க்க வந்தவர் முதலில் கேட்டது, "தண்ணி எந்தப் பக்கம் போகணும் ஐயா?" என்பதுதான். நாங்கள் யாருமே அதை யோசித்திருக்கவில்லை. நாற்பது அடிக்கு ஓரடி என்ற கணக்கில் வடகிழக்கு நோக்கிச் சரிவு கொடுத்தார். நடப்பவருக்கு அச்சரிவு தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

செலவைப் பற்றிக் குழுவில் மறுபடியும் பேச்சு எழுந்தது. கைகொத்துக் கல்லுக்கு ஆகும் கூலி மிகுதி என்பது உண்மை. ஆனால் இது மரக்காணத்து உப்பளக் கரை என்பதை நான் எடுத்துச் சொன்னேன். நிலத்தடியிலிருந்து ஏறும் உப்புநீர் செங்கல்லின், சிமெண்டின் நுண்துளைகளில் புகுந்து, வெயிலில் காய்ந்து படிகமாகிறது. படிகம் பருக்கும்போது மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடுகிறது. கருங்கல்லில் அத்தகைய துளைகள் மிகக் குறைவு. மரக்காணத்தில் சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயில் அந்தக் கடற்காற்றில் இன்றும் நிற்பதைப் போய்ப் பாருங்கள் என்றேன். உபயதாரர்களுள் மூத்தவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "பேர் பொறிக்க வேணாம், கல்லையே போடுங்க" என்று சொல்லிவிட்டார். அவருடைய தாயாரும் ஊன்றுகோல் பிடிப்பவர் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

2024ஆம் ஆண்டு கோடையில் வேலை தொடங்கிற்று. முதலில் மண்ணைத் தோண்டி, செம்மண் கிராவல் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். உப்பளத்தில் பாத்தியை மிதித்து மிதித்து இறுக்குவதுபோல, அடித்தளம் இறுகும்வரை பெரியவர் கல்லைத் தொடவே விடவில்லை. பிறகு இரண்டு அங்குலம் மணல் மெத்தை. ஓரக்கற்களை ஆழமாக நட்டபிறகே உள்ளே பாவத் தொடங்கினார். ஓரம் பிடிக்காவிட்டால் நடு நகர்ந்துவிடுமாம். வலம்வரும் பாதைக்கு ஒன்றரை அடிக்கு ஓரடி அளவுள்ள, நான்கங்குல கனமுள்ள கற்கள். செங்கற்சுவரைப்போல மூட்டுக்குமேல் மூட்டு வராமல் மாற்றி மாற்றி வைத்தார். நான்கு மூலைகள் ஓரிடத்தில் கூடினால் அங்கே கல் ஆடத் தொடங்கும் என்பது அவர் கணக்கு.

உற்சவர் சகடை திரும்பும் முன்வாசலில் முறை மாறியது. நீளம் அகலத்தைப்போல் இருமடங்குள்ள சிறு கற்களை மீன்முள் வடிவில் சாய்த்துச் சாய்த்துக் கோத்தார். சக்கரம் எந்தப் பக்கம் திருகினாலும் ஒரு கல்லை அடுத்த கல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பலிபீடத்தைச் சுற்றி நான்கங்குலக் கனசதுரக் கற்களை வட்ட வரிசையாக வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. பாதை முழுவதையும் அப்படியே செய்தால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டார். பெரியவர் என் மனைவியின் ஊன்றுகோலைக் காட்டினார். "மூட்டு அதிகமானா கோல் நுனி மாட்டும் தம்பி. அம்மா நடக்கிற இடத்துல பெரிய கல்லுதான்." மதுரையில் சித்திரை வீதிகளில் கருங்கல் பாவியிருப்பதைப் பார்த்தவர்களுக்குச் சிறு கற்களின் அழகு தெரியும். அழகுக்கும் முதியோர் காலுக்கும் இடம் வேறு வேறு என்பதை நான் அன்றுதான் கற்றேன்.

இறுதியாக மணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு, துடைப்பத்தால் மூட்டுகளுக்குள் தள்ளினார்கள். சிமெண்ட் பூச்சு இல்லை. அதைக் கேட்டுக் குழுவினர் சிலர் முகம் சுளித்தனர். நடுப்பகலில் இந்தக் கல் சுடுகிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. தேங்காய்நார் விரிப்பு வாங்கிய செலவு என் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆவணியில் கும்பாபிஷேகம் நடந்தது. கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30ஆம் நாள் இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இப்பகுதியில் பெய்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர். மேட்டுச் செம்மண் வெள்ளம் கோயில் வாசல்வரை வந்தது. நீர் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். வலம்வரும் பாதையில் தண்ணீர் தேங்கவில்லை. ஆனால் தென்மேற்கு மூலையில், கற்கள் போதாமல் ஓரக்கல் நடாமல் விட்டிருந்த நான்கடி தூரத்தில், மணல் அரித்துப்போய் மூன்று கற்கள் இறங்கியிருந்தன. அந்த ஓரக்கற்களுக்கான தொகையை மிச்சம் என்று எழுதியவன் நான்தான்.

அதற்குள் மனைவி வலம்வரத் தொடங்கியிருந்தாள். முதலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. தைப்பூசத்துக்குள் மூன்று சுற்று. புயலுக்குப் பின் முதல் வெள்ளிக்கிழமை அவளே பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "மூலைக் கல்லுல மட்டும் கால் வச்சா டொக்குன்னு ஒரு சத்தம் வருதுங்க."

மறுநாள் காலையில் அவர் கடப்பாரையும் ஒரு சட்டி மணலுமாக வந்தார். மூன்று கற்களையும் நெம்பி எடுத்து, உடையாமல் ஓரமாக வைத்தார். மணலை நிரப்பி இடித்து, ஓரக்கல்லை நட்டு, அதே கற்களைத் திரும்ப வைத்துத் தட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு அவற்றின்மேல் ஏறி நின்று, குதிகாலால் இரண்டு முறை ஊன்றிப் பார்த்துவிட்டு, என் மனைவியை அழைத்தார்: "இப்ப நடந்து பாருங்க அம்மா."